கூழாங்கல் கரையில் இலையுதிர்காலத் தூண்டில்: முதன்முறை போகிறவர்களுக்கு

கூழாங்கல் கரையில் தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எவ்வளவு தூரம் வீச வேண்டும்? முப்பது மீட்டர் போதும் என்றால் யாரும் எளிதில் நம்புவதில்லை. பன்னிரண்டடிக் கோலைத் தோளில் சுமந்து வந்தவருக்கு முப்பது மீட்டர் மிகக் குறைவாகத் தெரிகிறது. ஆனால் இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பக்கத்துச் செசில் கரையிலிருந்து கென்ட் பக்கத்து டங்கனஸ் முனை வரை, இலையுதிர்காலத்து மீன் இரை தேடி வருவது கற்சரிவு முடிந்து மணல் தொடங்கும் குறுகிய பட்டைக்குத்தான். பல இடங்களில் அந்தப் பட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி வெகு தூரம் வீசிவிட்டு, மீன் இல்லாத இடத்தில் இரவெல்லாம் காத்திருப்பவர்கள் ஏராளம்.

ஆளை இழுத்துப்போகும் அலையும் அந்தப் பட்டையை ஒட்டித்தான் உடைகிறது. கூழாங்கல் கரையில் மீனும் ஆபத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தச் சில மீட்டர்களைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். அதனால் கோலையும் முள்ளையும் பற்றிப் பேசுவதற்கு முன் கரையைப் பற்றிப் பேசுகிறேன்.

முதல் பயணத்தில் கோல் வேண்டாம்

முதல் முறை போகும்போது தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பகல் வெளிச்சத்தில், வற்றம் (கடல்நீர் இறங்குவது; ஏறுவது ஏற்றம்) அடிமட்டத்தைத் தொடும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு நாள் வீணாகிறது என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு நாளில் கிடைப்பது பிறகு பல ஆண்டுகளுக்கு உதவும்.

மணல் கரை மெல்லச் சரியும். கூழாங்கல் கரை ஓட்டுக்கூரைபோல் சாய்ந்து நிற்கும். காரணம் எளிது. அலை மேலேறும்போது கற்களையும் தள்ளிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது நீரில் ஒரு பங்கு கற்களின் இடுக்குகளில் வடிந்துவிடுகிறது. மிஞ்சிய நீருக்குக் கற்களைத் திரும்ப இழுக்க வலு போதாது. எனவே கற்கள் மேலே மேலே குவிகின்றன. இது அமைதியான நாட்களின் கதை. இலையுதிர்காலத்தில் பெரிய அலை இடைவிடாமல் அடிக்கும்போது இடுக்குகள் எல்லாம் ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கும். வடிய இடமில்லாத நீர் முழுவதும் கற்களை உருட்டிக்கொண்டு ஒரே இழுப்பாகக் கடலுக்குத் திரும்பும். அப்போது முழங்கால் ஆழத்தில் நிற்பவருக்குக் காலடியில் தரையே நகரும்.

கல்லின் அளவையும் கவனியுங்கள். செசில் கரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளம். மேற்கில் வெஸ்ட் பே பக்கம் கற்கள் பட்டாணி அளவில் இருக்கின்றன. கிழக்கே போர்ட்லாந்தை நெருங்க நெருங்க உருளைக்கிழங்கு அளவுக்குப் பருத்துவிடுகின்றன. அந்தக் காலத்துக் கடத்தல்காரர்கள் இருட்டில் கரையேறியதும் ஒரு கைப்பிடிக் கல்லை அள்ளித் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். தூண்டில்காரருக்கும் கல் ஒரு செய்தி சொல்கிறது: கல் பருத்தால் பொதுவாகச் சரிவு கூடுதல், சரிவு கூடினால் ஆழம் அருகில். டங்கனஸ் முனையிலும் கரையை ஒட்டியே ஆழம். அங்கே கூழாங்கல் திட்டு கடலை நோக்கி வளர்ந்துகொண்டே போனதால் கலங்கரை விளக்கத்தையே காலப்போக்கில் இடம் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது.

வற்றம் முழுமையாக இறங்கியதும், முந்தைய ஏற்றம் விட்டுச்சென்ற கடற்பாசிக் கோட்டிலிருந்து கல் முடிந்து மணல் தொடங்கும் இடம்வரை காலடிகளை எண்ணுங்கள். நீங்கள் வீச வேண்டிய தூரம் அதுதான். கூடவே பத்து மீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். மணலில் பள்ளம் எங்கே, பாறை எங்கே, பழைய மரத்தடுப்பின் மிச்சம் எங்கே என்று பாருங்கள். கரையில் இருக்கும் ஏதாவது இரண்டு பொருள்களை, ஒரு கம்பத்தையும் ஒரு கூரையையும்போல, நேர்க்கோட்டில் வைத்து அந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அந்த நேர்க்கோடு உதவும்.

செசிலில் இது முழுதாக நடக்காது. போர்ட்லாந்து பக்கம் பெரிய ஏற்றத்திலும் நீர்மட்ட வேறுபாடு இரண்டு மீட்டர் அளவுதான். டோவரில் அது ஆறு மீட்டர். செசிலில் வற்றத்திலும் மணல் வெளியே வராது. அப்படிப்பட்ட கரையில் பிறகொரு நாள் முள் இல்லாமல் வெறும் ஈயக்குண்டை மட்டும் வீசி, மெல்ல இழுத்துப் பாருங்கள். மணலில் அது வழுக்கிக்கொண்டு வரும். கல்லைத் தொட்டதும் கோலின் நுனி படபடக்கும். அந்தப் படபடப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று அப்பால்தான் உங்கள் இரை கிடக்க வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம்

ஏற்றம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் வற்றம் ஏறத்தாழ அதே அளவும் நீடிக்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து ஏற்றம் மிகப் பெரியது. அட்டமிக்குப் பிந்தைய ஓரிரு நாட்களில் மிகச் சிறியது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் வரும் அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்கள் ஆண்டிலேயே மிகப் பெரியவற்றில் சேரும். அந்த நாட்களில் நீரோட்டம் ஈயக்குண்டையே பெயர்த்து இழுத்துக்கொண்டு போகும். புதியவர்கள் அட்டமி கழிந்து மூன்று நான்கு நாட்களில், ஏற்றம் வளர்ந்து வரும் சமயத்தில் தொடங்குவது நல்லது. மீனைக் கிளறிவிட அந்த ஓட்டம் போதும்.

நேரம் என்று கேட்டால், ஏற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து, உச்சம் கழிந்து இரண்டு மணி நேரம் வரை. அந்த நேரத்துக்குள் அந்தியும் வந்து சேர்ந்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. தெளிந்த நீரில் மீன் பகலில் கரையை அண்டாது. இருட்டு விழுந்ததும் வரும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஏற்ற அட்டவணைகள் பல கிரீனிச் நேரத்தில் அச்சாகின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகின்றன. அதுவரை அட்டவணை நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வேண்டாம். சில அட்டவணைகள் தாமாகவே கூட்டிக் கொடுத்துவிடுகின்றன என்பதால் முகப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கடிகாரம் மாறிய வாரத்தில் சூரியன் மாலை ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காற்றைப் பொறுத்தவரை என் விருப்பம் ஒன்றே: பெரிய காற்று அடித்து ஓய்ந்த இரண்டாம் நாள். அலை கடலடியைக் கிளறி, புழுவையும் சிப்பியையும் பெயர்த்து, சரிவின் அடியில் கொட்டியிருக்கும். நீர் தேநீர் நிறத்தில் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கலில்தான் சீ பாஸ் துணிந்து கரைக்கு வருகிறது. பருவத்தின் முதல் காற்றை மட்டும் நம்பாதீர்கள். அது கோடை முழுவதும் வளர்ந்த கடற்பாசியைப் பிய்த்துக்கொண்டு வரும். பத்து நிமிடத்தில் உங்கள் நரம்பில், அதாவது தூண்டில் கயிற்றில், ஒரு மூட்டை பாசி தொங்கும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

கரைக்கு வந்ததும் பையைத் திறக்கும் முன், உயரத்தில் நின்று பதினைந்து நிமிடம் கடலைப் பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அட்லாண்டிக்கில் எங்கோ வீசிய புயலின் நெடிய அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் செசிலுக்கு வந்து சேரும். அவை கூட்டமாக வரும். ஐந்து நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். பிறகு மூன்று நான்கு பெரிய அலைகள் வரிசையாக வந்து, அதுவரை காய்ந்திருந்த கற்களை நனைத்துவிட்டுப் போகும். மிக உயரத்தில் நனைந்த கல் எதுவோ அதுதான் உங்கள் எல்லைக்கோடு. பை, பெட்டி, கோல் தாங்கி எல்லாம் அதற்கு மேலே இருக்கட்டும். ஏற்றம் வளர வளர அந்தக் கோடும் மேலேறும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

அலை உடையும் சத்தத்தோடு கற்கள் உருளும் இரைச்சல் நீண்டுகொண்டே போனால், உடைந்த அலை கற்களை வாரிக்கொண்டு இறங்குகிறது என்று பொருள். அன்றைக்குத் தூண்டில் வேண்டாம். வீட்டுக்குத் திரும்புங்கள், மீன் அடுத்த வாரமும் இருக்கும்.

தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மார்பளவு ரப்பர் உடையைச் சரிவான கற்கரையில் அணிய வேண்டாம். நீருக்குள் இறங்கும் துணிவை அது கொடுக்கும், விழுந்தால் எழ விடாது. கணுக்காலைப் பிடிக்கும் காலணி போதும். காற்று நிரம்பும் மெல்லிய உயிர்காப்பு மேலங்கி வீச்சுக்கு இடைஞ்சல் செய்யாது, அதை அணியுங்கள். யாராவது நீரில் விழுந்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்; மிதக்கும் எதையாவது வீசுங்கள். விழுந்தது நீங்களே என்றால் நீந்தப் போராடாமல், காதுகள் நீரில் நனையும்படி மல்லாந்து மிதந்து முதலில் மூச்சைப் பிடியுங்கள். குளிர்ந்த நீரின் அதிர்ச்சி ஓரிரு நிமிடத்தில் தணியும்.

கோலும் நரம்பும்

பன்னிரண்டடிக் கடற்கரைக் கோல், 150 கிராம் வரை தாங்குவது, ஒன்று. நிலையான சுருள் கொண்ட பெரிய ரீல் ஒன்று. சுழலும் உருளை ரீல் அழகானதுதான், ஆனால் இருட்டில் நரம்பு சிக்கினால் புதியவருக்கு அன்றைய இரவு அத்தோடு முடிந்தது. ரீலில் 15 முதல் 18 பவுண்டு வலுவுள்ள சாதாரண நைலான் நரம்பு.

அடுத்ததில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முக்கிய நரம்பின் நுனியில் தடித்த முன்நரம்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீசும்போது ஈயக்குண்டின் முழு வேகத்தையும் தாங்குவது அதுதான். கணக்கு எளிது: ஓர் அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு. ஐந்து அவுன்ஸ், அதாவது 142 கிராம் குண்டு என்றால் முன்நரம்பு 50 பவுண்டு. ஆறு அவுன்ஸ் என்றால் 60. கோலின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்து, அதற்கு மேல் ரீலில் ஐந்தாறு சுற்றுச் சுற்றும் அளவு நீளம் வேண்டும். முன்நரம்பு இல்லாமல் வீசி நரம்பு அறுந்தால், அந்தக் குண்டு துப்பாக்கித் தோட்டாபோல் கரையோரமாகப் பறக்கும். பக்கத்தில் நிற்பவரின் உயிரைப் பறிக்க அது போதும். இரண்டு நரம்பையும் இணைக்கும் முடிச்சைத் தூண்டில் கடையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். போடும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். எந்த முடிச்சையும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நைலான் உரசிச் சூடேறி வலுவிழக்கும்.

ஈயக்குண்டில் கம்பிக் கால்கள் உள்ளதாக வாங்குங்கள். கால்கள் மணலில் பதிந்து நீரோட்டத்தைத் தாங்கும், இழுத்தால் மடங்கிக்கொள்ளும். இவை தவிர மூன்றுகால் கோல் தாங்கி, தலைவிளக்கு, மாற்று மின்கலம், கூரிய கத்தி, பழைய துண்டு, அளவுநாடா, முள்ளைக் கழற்றும் நீண்ட இடுக்கி. ஒரு பிளாஸ்கில் சுடுநீர். அது எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

முள்ளும் இரையும்

தூண்டில் முள்ளின் எண்கள் புதியவரைக் குழப்பும். 1, 2, 4 என்று எண் கூடினால் முள் சிறிதாகும். 1/0, 2/0, 3/0 என்று பூஜ்யம் சேர்ந்தால் எண் கூடக்கூட முள் பெரிதாகும். வைட்டிங், டாப் போன்ற சிறு மீன்களுக்கு 2 அல்லது 1. சீ பாஸ், திருக்கைக்கு 3/0. முதல் சில பயணங்களுக்கு, அடியில் ஈயக்குண்டும் அதற்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிளைமுள்ளும் தொங்கும் எளிய கோவை போதும். சிக்கல் குறைவு, வேலையும் எளிது.

இரைகளில் முதலிடம் லக்வார்முக்கு. கடல்மணலில் வாழும் தடித்த புழு அது. செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். நீர் தேங்கும் பெட்டியில் வைத்தால் ஒரே இரவில் கெட்டுவிடும். முள்ளின் நுனியைப் புழுவின் தலைப்பக்கம் நுழைத்து, புழுவை முள்ளின் வளைவைத் தாண்டி நரம்பின் மேல்வரை ஏற்றுங்கள். முள்நுனி வெளியே தெரிய வேண்டும். இரைக்குள் புதைந்த முள் மீனைக் குத்தாது. அடுத்து மாக்கரல் மீனின் தோலோடு சேர்ந்த பட்டை. சுண்டுவிரல் அகலம், அதைவிடச் சற்றுக் கூடுதல் நீளம். அதைப் புழுவின் நுனியில் சேர்த்து, இரைக்கென்றே விற்கும் மெல்லிய ரப்பர் நூலால் நான்கைந்து சுற்றுச் சுற்றுங்கள். வைட்டிங்குக்கு இந்தக் கூட்டு இரை அலாதி. பெரிய மீனுக்குக் கணவாய்த் துண்டு நல்லது. நண்டு கொத்தினாலும் எளிதில் தீராது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள். வெளுத்து வாசனை போன புழு கடலடியில் கிடப்பதால் பயனில்லை.

வீச்சு

சரிவில் நின்று வீசாதீர்கள். கோலைப் பின்னுக்குச் சாய்த்ததும் முதுகுப்பக்கத்துக் கற்கள் உயர்ந்திருப்பதால் குண்டு கல்லில் இடிக்கும். அந்த இடியில் நரம்பு நைந்து அடுத்த வீச்சில் அறும். அலை முந்தைய நாட்களில் அடுக்கிவைத்த கல்மேடை ஒன்று பெரும்பாலான கரைகளில் இருக்கும். அதன் சமதளத்தில் நில்லுங்கள்.

பின்னால் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். குண்டு கோல்நுனியிலிருந்து ஒன்றரை மீட்டர் தொங்கட்டும். இடது காலை முன்வைத்து, கோலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், குண்டு அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். இடதுகைக்காரர்கள் இதை மாற்றிக்கொள்ளலாம். பார்வை கடலில் வேண்டாம். வானத்தில் பாதி உயரத்தில் இருக்கட்டும். வலக்கை மேல்நோக்கித் தள்ள, இடக்கை மார்பை நோக்கி இழுக்க, ஒரே ஓட்டமாக வீசி, கோல் தலைக்கு மேல் வந்ததும் விரலிலிருந்து நரம்பை விடுங்கள். விரலுக்குத் தோல் உறை போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து அவுன்ஸ் குண்டின் நரம்பு சதையை அறுக்கும். முழு வலுவையும் காட்ட வேண்டிய தேவை எங்கும் இல்லை. அறுபது விழுக்காடு வலுவில் சீராக வீசப் பழகியவர் அந்தப் பட்டையில் சரியாக இரையை வைப்பார்.

குண்டு அடியைத் தொட்டதும் உடனே இறுக்காமல் சில மீட்டர் நரம்பைத் தளர விடுங்கள். நீரோட்டம் அதை வில்லாக வளைக்கும். கம்பிக்கால்கள் மணலில் ஆழப் பதியும். பிறகு கோலைத் தாங்கியில் உயர நிறுத்துங்கள். நரம்பு உடையும் அலைகளுக்கு மேலாகச் செல்ல வேண்டும்.

கடியைப் படிப்பது

கோல்நுனியில் ஒளிரும் சிறு குச்சியைக் கட்டிவிட்டு அதையே பாருங்கள். அலை நுனியைச் சீரான தாளத்தில் அசைக்கும். அந்தத் தாளத்தைக் குலைப்பதுதான் மீன். வைட்டிங் கடித்தால் குறுகிய, வேகமான நடுக்கம். இரண்டு மூன்று முறை வந்து நிற்கும். உடனே இழுக்காதீர்கள், அது தானே மாட்டிக்கொள்ளும். சீ பாஸ் என்றால் ஒரு பெரிய வளைவு, சில நேரம் கோலே தாங்கியிலிருந்து எகிறும்.

புதியவர்கள் தவறவிடுவது மூன்றாவது வகை. நுனி நடுங்காது, வளையாது. திடீரென்று நேராக நிமிரும். நரம்பு தொய்ந்து காற்றில் ஆடும். குண்டு பெயர்ந்துவிட்டது என்று பலர் சும்மா இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது நல்ல மீன் ஒன்று குண்டைப் பிடுங்கிக்கொண்டு கரையை நோக்கி வருவது. கோலை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தபடியே வேகமாகச் சுற்றுங்கள், எடை தெரியும்வரை.

மீனைக் கரையேற்றுவது

நவம்பர் மாலை ஒன்றில் எனக்குப் பத்தடி தள்ளி நின்றவருக்கு நல்ல பாஸ் ஒன்று மாட்டியது. அலை அதைக் கற்களின் மேல் போட்டது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் அதன் வெள்ளிப் பக்கம் மின்னியதை நானும் பார்த்தேன். அவர் கோலைக் கீழே போட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடினார். நான்கு எட்டு. நான்காவது எட்டில் அடுத்த அலை உடைந்து அவர் தொடைவரை ஏறியது. திரும்பும்போது அவருடைய கால்களுக்குக் கீழே கற்கள் ஓடின. நடக்கவில்லை, நின்ற நிலையிலேயே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நல்ல வேளையாக முழங்காலில் விழுந்தார். விழுந்ததால் இரண்டு கைகளையும் கற்களில் ஊன்ற முடிந்தது. மேலே எழுந்து வந்தவரின் உள்ளங்கைகள் இரண்டும் சிராய்த்து இரத்தம் கசிந்தன. அரைமணி நேரம் அவர் பேசவே இல்லை.

அதனால் முறையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மீன் அலை உடையும் இடத்துக்கு வந்ததும் கோலை உயர்த்தி, நரம்பை இறுக்கமாகப் பிடித்து, காத்திருங்கள். அலை திரும்பி இழுக்கும்போது எதிர்த்து இழுக்க வேண்டாம். வேண்டுமானால் ஓரிரு மீட்டர் நரம்பு விடுங்கள். அடுத்த அலை ஏறும்போது, அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே பின்னால் நடங்கள். அலையே மீனைத் தூக்கி வந்து கற்களில் வைக்கும். நீர் இறங்கியதும் நிற்காமல் பின்னால் நடந்து, நனைந்த எல்லைக்கோட்டுக்கு மேலே வரும்வரை மீனை இழுங்கள். முன்நரம்பு இப்போது ரீலில் ஏறியிருக்கும். சரிவில் மீனை இழுக்கும் வலு அதற்கு உண்டு. நீங்கள் கீழே போக வேண்டிய கட்டாயமே இல்லை. மீன் முள்ளிலிருந்து நழுவிக் கற்களில் துள்ளினால், அது கடலுக்கே போகட்டும்.

கையில் வந்தது எது

வைட்டிங்தான் உங்கள் முதல் மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளிர்நிறம், பெரிய கண், ஊசிப்பற்கள். அக்டோபரிலிருந்து இருட்டியதும் கூட்டமாக வரும். கூடவே பவுட்டிங், டாப், சில கரைகளில் நாக்குமீன், திருக்கை. காட் மீனுக்குப் பெயர்பெற்ற இந்தக் கரைகளில் இப்போது அது அரிதாகிவிட்டது.

புள்ளிபோட்ட சிறு சுறா ஒன்று அடிக்கடி வரும். அதன் தோல் உப்புத்தாள்போல் சொரசொரப்பானது. தலையை மட்டும் பிடித்தால் உடலைக் கையில் சுற்றி முன்னங்கைத் தோலை உரித்துவிடும். தலையையும் வாலையும் சேர்த்து ஒரே கையில் பிடித்தால் அடங்கிவிடும். மறுகையால் முள்ளைக் கழற்றலாம்.

விரல் நீளமே உள்ள, மணல் நிறத்து மீன் ஒன்றின் முதுகில் கறுப்புத் துடுப்பு நின்றால் கையால் தொடாதீர்கள். அது வீவர். அந்தத் துடுப்பிலும் செவுள் மூடியிலும் நச்சுமுள் உண்டு. இடுக்கியால் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் உள்ள நீரில் குறைந்தது அரைமணி நேரம் கையை வைத்திருக்க வேண்டும். சூட்டில் நஞ்சின் வேகம் தணியும். பிளாஸ்க் இதற்குத்தான். குத்துப்பட்ட கைக்குச் சூட்டின் அளவு சரியாகத் தெரியாது. மறுகையால் தொட்டுப் பார்த்த பிறகே நீரில் வையுங்கள். மூச்சுத் திணறினாலோ வீக்கம் பரவினாலோ உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

கடலில் தூண்டில் போட இங்கிலாந்தில் உரிமம் தேவையில்லை. ஆனால் அளவு விதி எல்லோருக்கும் உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் சீ பாஸ் 42 செ.மீ., காட் 35, வைட்டிங் 27, பிளேஸ் 27, நாக்குமீன் 24 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் கடலுக்கே. சீ பாஸ் மீனுக்கு நாளொன்றுக்கு எத்தனை, எந்த மாதங்களில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதி ஆண்டுதோறும் மாறக்கூடியது. புறப்படும் முன் அரசு அறிவிப்பைப் பாருங்கள். உள்ளூர் மீன்வள ஆணையங்களின் விதிகளும் தனியே உண்டு.

விடப்போகும் மீனை நனைந்த கையால் மட்டும் தொடுங்கள். காய்ந்த கையும் காய்ந்த கல்லும் அதன் உடல்மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும்; நோய் அந்த வழியாகத்தான் புகும். எடுத்துக்கொள்ளும் மீனைத் துடிக்க விடாமல் தலையில் ஓங்கி ஓர் அடி அடித்து, செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிடுங்கள். வைட்டிங்கின் சதை விரைவில் குழைந்துவிடும். அங்கேயே குடலை எடுத்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் சதை இறுக்கமாக இருக்கும்.

கிளம்பும்போது

தலைவிளக்கால் நீங்கள் நின்ற இடத்தைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். கற்களுக்கு இடையே விழுந்த முள், அறுந்த நரம்புத் துண்டு, இரை சுற்றிய தாள் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். நரம்புத் துண்டில் பறவைகளின் கால்கள் தேடிப்போனதுபோல் மாட்டிக்கொள்கின்றன; அதைக் குப்பையில் போடும் முன் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். மேட்டில் தடித்த சாம்பல்பச்சை இலைகளோடு வளரும் கடற்கோசுச் செடிகளை மிதிக்காமல் நடங்கள். கல்லில் வேரூன்ற அவை பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

வீடு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ரீலையும் கோலின் வளையங்களையும் நல்ல நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். முன்நரம்பை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். கல்லில் உரசிய இடம் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அதுவரை வெட்டி எறிந்துவிட்டு, நீளம் போதாவிட்டால் புதியதைக் கட்டுங்கள். அந்தச் சொரசொரப்பு அடுத்த ஏற்றத்துக்குள் விரலுக்கு மறந்துபோகும். அதனால் அன்றிரவே செய்துவிடுங்கள்.